உடைவதற்கென்றே செய்த பாகம், உடைந்த பிறகு ஏன் கிடைப்பதில்லை?
நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

மதுரை செல்லூரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற கடைகளுக்கு உதிரிபாகம் தந்துவந்த ஒரு பெரிய நிறுவனத்தின் சேவை மையம், இனிமேல் பாகங்களைத் தனியாக விற்பதில்லை என்று கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டது. மிக்சியின் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் வேண்டுமானால்கூட, வாடிக்கையாளர் தொலைபேசியில் புகார் பதிய வேண்டும். அவர்களுடைய ஆள் வீட்டுக்கு வருவார். வருகைக் கட்டணம் வாங்குவார். பாகம் இருந்தால் மாட்டுவார். இல்லாவிட்டால், இந்த மாடல் நின்றுவிட்டது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அப்போதும் வருகைக் கட்டணம் உண்டு. கப்ளரின் விலை 50 ரூபாய், வந்து போகும் கட்டணம் அதைப்போல ஏழெட்டு மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதை ஒரு கடைக்காரனின் வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். என் வருமானம் அடிபடுகிறது என்பது உண்மைதான். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. ஆனால் அந்தத் தாளால் என்னைவிட அதிகமாக இழப்பவர்கள் காசு கொடுத்துப் பொருளை வாங்கியவர்கள். அவர்களுக்காகத்தான் உங்கள் துறை இருக்கிறது.

மிக்சியின் கப்ளரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான்கு விரலுக்குள் அடங்கிவிடும். நடுவில் உலோகத்தில் மரை, சுற்றிலும் ரப்பர் அல்லது நைலானில் பற்கள். கீழே மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 18,000 சுற்று சுற்றுகிறது. மேலே ஜாருக்குள் பிளேடு. இரண்டையும் இணைப்பது இந்தச் சின்னப் பொருள்தான். காய்ந்த மஞ்சளோ கொப்பரைச் சில்லோ சிக்கிப் பிளேடு நின்றுபோனால், மோட்டார் விடாமல் இழுக்கும். அந்த நேரத்தில் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். கப்ளரின் பல் மழுங்கி விட்டுக்கொடுக்கும். மோட்டாரின் செம்புச் சுருள் கருகாமல் தப்பும். ஆகவே கப்ளர் உடைவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. உடையட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். நல்ல பொறியாளர் அப்படித்தான் செய்வார். என் புகாரெல்லாம், உடையும் என்று தெரிந்தே செய்த பாகத்தை உடைந்த பிறகு யாருக்கும் கிடைக்காமல் செய்வதைப் பற்றியது.

எங்கள் தெருவில் காலையில் இட்லி சுட்டு விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜாரைத் தூக்கியதும் அடியில் மை போலக் கறுப்புத் தூள். பற்கள் மொட்டையாகியிருந்தன. மோட்டாரைத் திறந்து பார்த்தேன். கார்பன் பிரஷ் பாதிகூடத் தேயவில்லை, சுருளில் கருகல் வாடையே இல்லை. கப்ளரை மட்டும் மாற்றினால் மறுநாள் காலையே சட்னி அரைக்கலாம். ஆனால் சந்தையில் இருக்கும் கப்ளர் எதுவும் அதில் ஏறவில்லை. அதே நிறுவனம், அதே பெயர். பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் கூடியிருக்கிறது. அந்த ஓர் எழுத்துக்காக மரையின் அளவும் பல்லின் எண்ணிக்கையும் மாறியிருக்கின்றன. ஏன் மாறின? சட்னி முன்னைவிட நைசாக அரைபடுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

உத்தரவாத அட்டையையும் கொண்டுவந்திருந்தார். மோட்டாருக்கு 5 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதில் 2 ஆண்டு இன்னும் மீதம். ஜார், பிளேடு, கப்ளர், ரப்பர், பிளாஸ்டிக் இவற்றுக்குப் பொருந்தாது என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. அதாவது உத்தரவாதம் உயிரோடு இருக்கிறது, மோட்டாரும் உயிரோடு இருக்கிறது, மிக்சி மட்டும் செத்துவிட்டது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தையில், யாரோ எடைக்குப் போட்ட அதே மாதிரி மிக்சி ஒன்றிலிருந்து கப்ளரைக் கழற்றி வந்து மாட்டினேன். மதுரையில் திலகர் திடல் இருக்கிறது. உசிலம்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருப்பவர் எந்தத் திடலுக்குப் போவார்?

பாகங்களைத் தொடர்ந்து தருவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று நிறுவனங்கள் உங்களிடம் சொல்லும். அவர்களைக் கோயம்புத்தூர் கிரைண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டுக்கு எண் இருக்கிறது. எண்ணைச் சொன்னால் எந்த ஊரிலும் கிடைக்கும். கண்டன்சர் கிடைக்கும். கல் தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். மேலூரில் வாங்கிய கிரைண்டரை மேலூரிலேயே சரிசெய்யலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் ஒரே மாதிரிப் பொருள் ஊர் முழுக்க இருந்ததால், அதற்கேற்ற கப்ளரும் ஜாரும் எங்கள் பகுதிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கின. அப்படி வந்த மிக்சிகளில் சில இன்றும் என் கடைக்கு வருகின்றன, சரியாகித் திரும்பிப் போகின்றன. காசு கொடுத்து வாங்கிய, கண்ணாடி போல மின்னும் மிக்சிகள்தான் திரும்பிப் போவதில்லை.

அடுத்தது மின்விசிறி. இதில் அரசுக்கே பங்கு இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், ஸ்டூல் போட்டு ஏறி, 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒன்றை மாற்றிவிட்டு இறங்கலாம். பேரிங் கத்தினால் பேரிங். சுருள் கருகினால் மறுபடி கம்பி சுற்றித் தர ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். இப்போது வருவது பி.எல்.டி.சி. மின்விசிறி, அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடுவது. பழையது 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கிறது. நல்ல பொருள், நானே விற்கிறேன். எரிசக்தித் திறன் பணியகம் 2023 ஜனவரி 1 முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரையைக் கட்டாயமாக்கியது. நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று அரசு சொல்கிறது. மக்களும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அந்த மின்விசிறிக்குள் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கிறது. பலகையில் விரல் நுனி அளவில் உருளையாக ஒரு மின்பகுளிக் கண்டன்சர். அதன் ஆயுளை, 105 டிகிரி வெப்பத்தில் இத்தனை மணி நேரம் என்றுதான் கணக்கிடுவார்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் தளத்துக்கு அடியில் ஒரு மின்விசிறி இராப்பகலாகச் சுற்றினால் அந்தக் கண்டன்சர் என்ன பாடுபடும் என்பதைத் தயாரிப்பாளர் அறியாதவர் அல்ல. 2,000 மணி நேரம் தாங்குவதும் சந்தையில் இருக்கிறது, 10,000 மணி நேரம் தாங்குவதும் இருக்கிறது. விலையில் வித்தியாசம் சில ரூபாய்தான். எதைப் போட்டிருக்கிறார்கள் என்று திறந்து பார்க்கலாம் என்றால், பலகை முழுவதும் பிசின் ஊற்றி இறுக்கியிருக்கும். ஈரத்துக்கும் பல்லிக்கும் கரப்பானுக்கும் பாதுகாப்பு என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பல்லி குறுக்கே விழுந்து கருகிய பலகைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சரி, பிசின் ஊற்றுங்கள். அப்படியானால் அந்தப் பலகைதான் உதிரிபாகம். அதைக் கடையில் வையுங்கள். இடி மின்னலில் பலகை போன மின்விசிறியோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் கிடைத்த பதில், அந்தப் பலகை இப்போது தயாரிப்பில் இல்லை என்பது. இறக்கையும் மோட்டாரும் காந்தமும் ஒரு குறையும் இல்லாமல் என் கடைப் பரணில் கிடக்கின்றன. பெட்டியில் இருந்த நட்சத்திரங்கள் மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்று சொல்லின. பலகை எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எதுவும் சொல்லவில்லை.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷின்களின் கதையும் இதுதான். எங்கள் போர் தண்ணீரின் உப்பில் முதலில் ஆயில் சீல் போகும், அதன் வழியே நீர் இறங்கிப் பேரிங் போகும். 6205, 6206 என்று எண்ணைச் சொன்னால் மதுரையில் எந்தப் பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். ஆனால் பேரிங்கை எட்ட வேண்டுமே! முன்பு வெளித்தொட்டியின் இரண்டு பாதிகளையும் திருகுகளால் பூட்டியிருந்தார்கள். இப்போது பல மாதிரிகளில் சூடுபோட்டு ஒட்டிவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்ப் பேரிங்குக்காகப் பல ஆயிரம் ரூபாய்க்குத் தொட்டியை முழுதாக வாங்கு என்கிறார்கள். தண்ணீர் சுத்திகரிப்பான்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வேறு நிறுவனத்தின் வடிகட்டி ஏறக்கூடாது என்பதற்காகவே குழாய் வாயின் வடிவத்தை மாற்றியிருப்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

வெளியாட்கள் கைவைத்தால் ஆபத்து என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். ஐ.டி.ஐ.யில் படித்துச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அசல் பாகத்தைத் தர மறுத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மிக்சியை வீட்டில் யாரும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். பெயரில்லாத போலிப் பாகம் வரும். தரமில்லாத பிளாஸ்டிக்கில் செய்த கப்ளர் சூட்டில் இளகி, ஜாரே ஆடும். அடையாளம் இல்லாத பலகைகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்து இறங்கும். ஆபத்து என்று அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதை அவர்களேதான் வளர்க்கிறார்கள்.

உங்கள் துறை ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தீர்கள். விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், அதற்கென ஓர் இணையதளமும் திறந்தீர்கள். சேவை எண்ணும் உத்தரவாத விவரமும் தேடுபவருக்கு அது உதவும். கப்ளர் தேடுபவருக்கு உதவாது. பிறகு, ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்காக இன்னொரு குழு. 2025 மே மாதம் அதன் அறிக்கை உங்கள் கைக்கு வந்தது. முதலில் திறன்பேசியும் டேப்லெட்டும் என்பது அதன் பரிந்துரை.

இந்த வரிசையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. திறன்பேசியை மூன்று நான்கு ஆண்டுகளில் ஆசைப்பட்டே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மிக்சியை ஆசைப்பட்டு மாற்றுகிறவர் செல்லூரில் யாரும் இல்லை. அது சீரோடு வந்த பொருள். பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஓட வேண்டும் என்ற கணக்கில்தான் வீட்டுக்குள் வருகிறது. மிக்சி நின்றால் அந்த வீட்டுச் சமையல் நிற்கிறது. மிக்சியை வரிசையின் கடைசிக்குத் தள்ளியவர் யார் என்று தெரியவில்லை; அவர் சட்னி அரைப்பவர் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

வேண்டுமென்றே ஆயுளைக் குறைக்கிறார்களா என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. பிரான்ஸ் 2015இல் அதைக் குற்றம் என்றே சட்டம் செய்தது; 2 ஆண்டு சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் விதிக்கலாம். ஆனால் ஒருவர் மனத்தில் என்ன எண்ணம் இருந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல. பாகம் கடையில் இருக்கிறதா இல்லையா என்று நிரூபிக்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஐரோப்பிய ஒன்றியம் அந்த வழியில் போனது. அங்கே 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷின் தயாரிப்பவர், ஒரு மாதிரியின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகளுக்கு முக்கியப் பாகங்களைத் தர வேண்டும். கேட்டால் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பிரான்சில் அதே 2021 ஜனவரி முதல் வாஷிங் மெஷின், தொலைக்காட்சி, மடிக்கணினி, திறன்பேசி, புல்வெட்டி ஆகியவற்றில், பழுது பார்க்கும் எளிமைக்கு 10க்கு இத்தனை மதிப்பெண் என்று ஒட்டி விற்கத் தொடங்கினார்கள். கவனியுங்கள்: அங்கே முதல் பட்டியலிலேயே வாஷிங் மெஷின் இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இது புதிதில்லை. கார்களின் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நடந்தன என்பது வேறு விஷயம். தனிக் கடைக்காரரிடம் பாகத்தை மறைப்பது போட்டிக்கு எதிரானது என்று ஆணையமே சொல்லிவிட்டது. காருக்குப் பொருந்தும் நியாயம் மிக்சிக்குப் பொருந்தாதா?

இனி நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

வீட்டுச் சாதனம் ஒவ்வொன்றுக்கும், தேயும் பாகங்கள் எவை என்று ஒரு பட்டியல் போடுங்கள். மிக்சிக்குக் கப்ளர், ஜார், பிளேடு, கார்பன் பிரஷ். மின்விசிறிக்குப் பலகை, பேரிங், ரிமோட். வாஷிங் மெஷினுக்குப் பேரிங், சீல், பம்பு, பலகை, கதவு ரப்பர். இவற்றை அந்த மாதிரியின் கடைசிப் பொருள் விற்ற நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு, விலை அச்சிட்டு, கேட்பவர் யாராக இருந்தாலும் தனியாக விற்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். புகார் பதிந்தால்தான் தருவேன், எங்கள் ஆள் வந்தால்தான் மாட்டுவேன் என்ற நிபந்தனையை முறையற்ற வணிக நடைமுறையாக அறிவியுங்கள்.

பெட்டியின் மேல், நட்சத்திர முத்திரைக்குப் பக்கத்திலேயே, பாகங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்று தமிழிலும் அச்சிடச் செய்யுங்கள். ஒரே ஒரு வருட எண் போதும். அதை வைத்தே எங்கள் பகுதிப் பெண்கள் எதை வாங்குவது என்று முடிவுசெய்துகொள்வார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் உங்கள் துறையின் கீழ்தான் இருக்கிறது. 2023 ஜனவரியில் அது டைப்-சி சார்ஜருக்கு ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது. சார்ஜருக்கு முடிந்தது கப்ளருக்கும் முடியும். பல், மரை, உயரம் மூன்றுக்கும் இரண்டு மூன்று பொது அளவுகளை வகுத்து, எல்லா நிறுவனங்களும் அவற்றுக்குள் அடங்கச் செய்யுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே என் கடைக்கு வரும் மிக்சிகளில் பாதி பிழைத்துவிடும்.

ஒரு மாதிரியின் பாகத்தை இனிச் செய்ய முடியாது என்று நிறுவனம் கைவிட்டால், அதன் அளவுப் படத்தை வெளியிட வேண்டும். கப்பலூரிலும் கே.புதூரிலும் உள்ள தொழிற்பேட்டைகளில் அச்சு வெட்டிச் செய்து தர ஆள் இருக்கிறது. அளவுதான் இல்லை.

அடுத்த குழுவை அமைக்கும்போது நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு பழுது பார்ப்பவர்களையும் உட்கார வையுங்கள். ஒரு கூட்டத்தை மதுரையில் நடத்துங்கள்; தமிழில் பேச விடுங்கள். தேய்ந்த கப்ளர்களையும் பிசின் ஊற்றிய பலகைகளையும் மேசைமேல் கொட்டிக் காட்ட எங்களைப் போன்றவர்கள் வருவோம்.

இந்த மடலுக்குப் பதில் எழுதினால், பரிசீலனையில் உள்ளது என்று எழுத வேண்டாம். வீட்டு உபயோகச் சாதனங்களின் உதிரிபாகங்களுக்கான விதி எந்தத் தேதிக்குள் வரும் என்பதை, நாள், மாதம், ஆண்டோடு குறிப்பிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுது பார்ப்பவன்,
செல்லூர், மதுரை.